இருமலோட வராதீங்க சித்தி

மார்ச் 3

என் செல்லக் குட்டிமாவுக்கு,

சித்தி எழுதிக்கிறது. ஆண்டவன் புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம். எல்லாரும்னா நானும் என் தையல் மிஷினும்தான், வேற யாரு இருக்கா? போன்ல பேசினா இருமல் வருது, உடனே நீ போலீஸ் மாதிரி விசாரிக்கிற. கடுதாசி இருமாது பாரு.

உன் பிரசவத்துக்கு வரப் பெட்டி கட்டிட்டேன். டிக்கெட்டும் எடுத்தாச்சு. உங்கம்மா போனப்ப கைக்குழந்தையா இருந்த உன்னை என் மடியிலதான் போட்டாங்க. உன் பிள்ளையையும் முதல்ல நான்தான் கையில வாங்கணும்னு சாமிகிட்ட கேட்டு வச்சிருக்கேன். உன் மாமியார் நல்லவங்கதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவங்க கை அவங்க கை, என் கை என் கை.

கக்குவான் இருமல் ஊசி போட்டுட்டு வா, போட்டுட்டு வான்னு எத்தனை தடவை சொல்லுவ! அது சின்னப் பிள்ளைல எனக்கு வந்து போயாச்சு. ஒருக்கா வந்தா மறுபடி வராது. இந்த இருமல் வேற. பிரார்த்தனை மண்டபத்துல நான்தானே பாட்டு எடுத்துக் குடுக்கணும், தொண்டை தேயாம என்ன செய்யும்? சில நேரம் இருமி இருமி வாந்தியே வந்துடுது. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்.

வந்துக்கிட்டே இருக்கும்,
உன் சித்தி

மார்ச் 9

அன்புள்ள சித்திக்கு,

டாக்டரம்மாகிட்ட கேட்டேன். ஒருக்கா வந்தாலும் மறுபடி வருமாம். வருஷம் போகப் போக உடம்புல அதை எதிர்க்கிற தெம்பு குறைஞ்சிடுமாம். நமக்கு அது வெறும் இருமல். பிறந்த குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பு இருக்காது சித்தி, மூச்சே நின்னுடும்.

நான் ஏழாம் மாசமே ஊசி போட்டுக்கிட்டேன், என் வழியா பிள்ளைக்கும் கொஞ்சம் பாதுகாப்பு போகுமாம். இவரும் அத்தையும் போட்டாச்சு. பிள்ளைக்கு முதல் ஊசி பிறந்து ஒன்றரை மாசம் கழிச்சுத்தான். அதுவரை நாமதான் பார்த்துக்கணும்.

வாந்தி வர்ற இருமலைப் போற போக்குல எழுதியிருக்கீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இருமலோட மட்டும் வராதீங்க சித்தி. இதை எழுத எனக்குக் கை வரல.

உங்க குட்டிமா

மார்ச் 17

குட்டிமாவுக்கு,

உன் கடுதாசியைப் படிச்சுட்டு சாமிகிட்டகூட பேசல. வளர்த்தவளை வராதேன்னு எழுதிட்டாளேன்னு கோவம். ஆமாடி, பஸ் ஏறிட்டேன். இடுப்புல மருந்து பாட்டில், வாயில இருமல் மிட்டாய். வாசல்ல வந்து நின்னா தள்ளியா விட்டுடுவ?

பக்கத்து சீட்ல கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. "அம்மா, கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா, பையை மேல வச்சுடுறேன்"னு பிள்ளையை நீட்டுச்சு. நான் கையை நீட்டவும் இருமல் பிடிக்கவும் சரியா இருந்துச்சு. நிக்கவே இல்ல. மூச்சை இழுத்தப்ப ஒரு கூவல் வந்துச்சு பாரு, சின்னதுல எங்கம்மாவைப் பயமுறுத்தின அதே கூவல். அந்தப் பொண்ணு பிள்ளையை நெஞ்சோட திருப்பி மூடிக்கிட்டு என்னைப் பார்த்துச்சு. உன் முகம்டி அது.

நிறுத்தச் சொல்லி இறங்கிட்டேன். "ஏம்மா, நீங்க இறங்குற ஊர் வர இன்னும் எவ்வளவோ இருக்கே"ன்னான் கண்டக்டர். "எனக்கு இதுவரைக்கும்தான்பா"ன்னேன்.

ஆஸ்பத்திரியில மூக்குல குச்சி விட்டுப் பார்த்தாங்க. கக்குவானேதான். மாத்திரை குடுத்திருக்காங்க. மண்டபத்துல கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களுக்கெல்லாம் நானே சொல்லி அனுப்பினேன், டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்கன்னு. இப்ப இந்தப் பக்கம் ஒரு ஆள் வர்றதில்ல. அந்தப் பஸ் பொண்ணு யாரு, எந்த ஊருன்னு தெரியல. அவளுக்கு எப்படிச் சொல்லுவேன்? அந்தப் பிள்ளைக்காகத்தான் இப்ப என் வேண்டுதல் எல்லாம்.

சித்தி

ஏப்ரல் 2

அன்புள்ள சித்திக்கு,

பொண்ணு பிறந்திருக்கா. நல்லா இருக்கா. அத்தைதான் முதல்ல வாங்கினாங்க.

உங்க கடுதாசியைப் படிச்சு அழுதேன். கோவமும் வந்துச்சு. இறங்காம இருந்திருந்தா? மருந்தை முழுசா சாப்பிட்டுட்டா பரவாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. என் மனசுதான் கேட்கல. பாப்பாவுக்கு முதல் ஊசி போடட்டும், நானே எழுதுறேன். தனியா இருக்கீங்கன்னு தெரியும். மன்னிச்சுக்கோங்க.

குட்டிமா

ஏப்ரல் 8

என் தங்கத்துக்கு,

மன்னிப்பெல்லாம் எதுக்குடி. பொண்ணுன்னு படிச்சதும் யார்கிட்டயாவது சொல்லணும்னு சேலை மாத்திக்கிட்டு மண்டபம் வரைக்கும் போனேன். என்னைப் பார்த்ததும் பிள்ளைக்காரிங்க நகர்ந்துக்கிட்டாங்க. சாமிகிட்ட மட்டும் சொல்லிட்டு வந்தேன். அவரு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி நின்னாரு.

மாத்திரையை முழுசா முடிச்சுட்டேன். தேறினதும் ஊசியும் போட்டுக்கிறேன். நீ எழுதாம கிளம்ப மாட்டேன்.

உன் மாமியார்கிட்ட நான் கேட்டுக்கிட்டதா ஒண்ணு சொல்லு. பிள்ளையைப் பார்க்க ஆள் வந்துக்கிட்டே இருக்கும். யாரு இருமினாலும் வாசலோட நிறுத்தச் சொல்லு. மூஞ்சியைச் சுளிப்பாங்க, சுளிக்கட்டும். நீ பெத்த உடம்பு, அசந்து தூங்கிடுவ. அவங்க பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கட்டும். அந்த இடம் எனக்குன்னு நினைச்சிருந்தேன். பரவாயில்ல, அவங்க நல்லா உட்காரட்டும்.

சித்தி