இஸ்திரிப் பாட்டின் கீழே ஒரு பெயர்

டெல்வின் கிராசிங், மிசிசிப்பி
1954 பிப்ரவரி 10, புதன் இரவு

சிகாகோவில் இருக்கும் என் அம்மாவுக்கு,

லவோனியா எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் வலியைத் தவிர கொரீன் அத்தையும் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நவம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

அடுப்பின் சிறு கதவைத் திறந்துவைத்து, கங்கு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். விளக்கு ஏற்றினால் அத்தைக்குத் தெரிந்துவிடும். திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய குறட்டை கேட்கிறது. அது நிற்கும்போதெல்லாம் என் பென்சிலும் நின்றுவிடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

இந்த வாரம் பள்ளியில் நீக்ரோ வரலாற்று வாரம். நீ இருந்தபோது நான் பருத்திப் பஞ்சில் தாடி ஒட்டிக்கொண்டு மேடையில் நின்றது நினைவிருக்கும். இந்த வருடம் மிஸ் ஸ்வின்னி நம் இசைக்காரர்களை எடுத்துக்கொண்டார். வகுப்புச் சுவர் முழுவதும் படங்கள். ரயிலில் வேலை செய்யும் நம் ஆட்கள் சிகாகோவிலிருந்து கொண்டுவரும் நம்மவர் பத்திரிகையில் வெட்டி எடுத்தவை. ஊர் ஊராகப் பாடி, வெளிநாட்டு அரசியின் முன்னால்கூடப் பாடி, தங்கள் கல்லூரியைக் காப்பாற்றிய நாஷ்வில் மாணவர்கள், ஸ்காட் ஜாப்ளின், பெஸ்ஸி ஸ்மித், ஹாண்டி என்று வரிசையாக. வெள்ளிக்கிழமை மாலை விழா. எங்கள் வகுப்பு எர்னஸ்டின்தான் பெஸ்ஸி ஸ்மித், பாட்டின் பேரரசி என்று ஊரே அழைத்தவர். அவள் தலையில் வைக்க இறகு வேண்டும் என்று அத்தையிடம் கேட்டேன். நம் சேவலுக்கு இப்போது வாலே இல்லை. பையன்கள் எர்னஸ்டினைப் பார்த்து, "ஏய் பேரரசி, விடிஞ்சிருச்சு, கூவு பாப்போம்!" என்று கத்துகிறார்கள். அவள் அசரவில்லை. "எனக்குப் பாடத் தெரியும்டா, உனக்கு என்னடா தெரியும்? முட்டை போடத் தெரியுமா?" என்று கேட்டாள். மிஸ் ஸ்வின்னியே சிரித்துவிட்டார்.

அவர் சிரித்தால் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ ரயிலேறிய வாரம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அப்போது அவர்தான் பள்ளி விட்டதும் என்னைப் பியானோ முன்னால் உட்கார வைத்தார். தன் சோளரொட்டியில் பாதியைத் தந்தார். கேட்ட பாட்டைக் காகிதத்தில் எழுத அவர்தான் கற்றுக்கொடுத்தார். இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும்தான்.

இனி எழுதப்போவதற்காக என்னை மன்னித்துவிடு.

செப்டம்பரில் ஒருநாள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே உன் இஸ்திரிப் பாட்டை முணுமுணுத்தேன். "துணி காஞ்சுருச்சு, என் கண்ணு காயலையே" என்ற வரி வந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். யார் பாட்டு என்று கேட்டார். எங்கம்மா பாட்டு, இஸ்திரி போடும்போது அவளாகவே கட்டினது என்று பெருமையாகச் சொன்னேன். முழுவதையும் பாடச் சொன்னார். ஆறு வாரம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். தாளத்தில் நாலு தட்டுக்குப் பிறகு பாட்டு ஓரிடத்தில் நிற்குமே, அங்கே ஒரு தட்டு அதிகமாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். எடுக்கக் கூடாது என்றேன். ஆறின இரும்பை அடுப்பில் வைத்து, சூடான இரும்பை நீ எடுக்கும் நேரம் அது, அப்போது நீ மூச்சைப் பிடித்துக்கொள்வாய் என்று சொன்னேன். என் கன்னத்தைத் தட்டி, அப்படியே இருக்கட்டும் என்றார்.

விழாவின் கடைசிப் பாட்டு அதுதான், இந்தப் பெரியவர்கள் வரிசையில் கடைசியாக நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயர் வரும் என்றும் அவர்தான் சொன்னார். நிகழ்ச்சித் தாளை உனக்கு அனுப்பிவைக்க நான் உறைகூட வாங்கி வைத்துவிட்டேன்.

நேற்று தாள் வந்தது. ஊதா மை இன்னும் ஈரமாக இருந்தது. கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தேன். பாட்டும் மெட்டும்: கோல்டியா ஸ்வின்னி என்று இருந்தது.

தவறாக அச்சாகிவிட்டது என்றுதான் நினைத்தேன், அம்மா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். எல்லாத் தாளிலும் நானே பென்சிலால் திருத்தித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஓடினேன். அவர் கதவைச் சாத்தினார். "உங்கம்மா பாடினா. நான் எழுதினேன். எழுதினவங்க பேர்தான் காகிதத்துல வரும், குழந்தை. உலகம் பூரா அப்படித்தான்" என்றார். நானும்தானே எழுதினேன் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பதினெட்டு வருஷமா இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தரேன். ஒரு காகிதத்துலயாவது என் பேர் அச்சாகி நான் பாத்ததில்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. அதுதான் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

ஏனென்றால் திங்கட்கிழமைதான் அவர் எங்களுக்கு ஹாண்டியின் கதையைச் சொன்னார். தன் பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, அது நாடு முழுவதும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நம்மவர்களின் பாட்டுகள் எத்தனையோ பிறர் பெயரில் அச்சாகியிருக்கின்றன, அதனால்தான் இந்த வாரத்தைக் கொண்டாடுகிறோம், பெயர்களைத் திருப்பிச் சொல்லத்தான் கொண்டாடுகிறோம் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினோம். நான்தான் அதிகம் தட்டினேன்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு அவசரமாக எழுதியிருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை விழாவுக்கு மெம்பிஸிலிருந்து மிஸ்டர் ஹாலிபர்ட்டன் என்ற வெள்ளைக்காரர் வருகிறார். பாட்டுகளை அச்சிட்டு விற்பவர். அக்டோபரிலேயே மிஸ் ஸ்வின்னி நம் பாட்டை அவருக்கு அனுப்பிவிட்டார். அந்த வெள்ளைக்காரர் எழுதிய பதில் கடிதம் நேற்று மிஸ் ஸ்வின்னியின் மேசையில் கிடந்தது, படித்துவிட்டேன். பாட்டு நடுவில் நிற்கும் அந்த இடம் பிரமாதம், எப்படித் தோன்றியது என்று கேட்டிருந்தார். பக்கத்திலேயே அதற்கு மிஸ் ஸ்வின்னி எழுதும் பதில், பாதி எழுதியபடி கிடந்தது. பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தபோது தானாகத் தோன்றியது என்று எழுதியிருந்தார்.

மெம்பிஸ்காரரின் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. மிஸ்டர் ஹாலிபர்ட்டனின் கார் ஓட்டுநர் நம் பக்கத்து ஆள். யாரோ ஒரு சலவைக்காரி இதைச் சர்ச் விருந்தில் பாடத் தான் கேட்டதாக அந்த ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். பின்னால் தகராறு வரக் கூடாது, அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள் என்று மிஸ்டர் ஹாலிபர்ட்டன் கேட்டிருந்தார்.

அந்தக் காகிதத்தை இன்று சாயங்காலம் நம் வீட்டில் பார்த்தேன். அத்தை மாவு டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? பாட்டைக் கட்டியது மிஸ் ஸ்வின்னியாம், வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாராம், நான் வீட்டில் பாட, நீ என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாயாம். நான் தொட்டிலில் கிடந்தபோது நீ பாடிய பாட்டை நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேனாம். கீழே இரண்டு கோடுகள். ஒன்றில் அத்தையின் கையெழுத்து இருந்தது. இன்னொன்று எனக்காக.

அத்தையிடம் கத்தினேன். நான் அவளிடம் கத்தியது இதுதான் முதல்தடவை. அவள் கீரையைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "என்னடி பெரிய பாட்டு? அந்தப் பாட்டு உனக்கு ஒருவேளை சோறு போட்டுச்சா? அந்தப் பாட்டாலதான உங்கம்மா உன்ன என் தலையில கட்டிட்டு ரயிலேறினா?" என்று கேட்டாள். பிறகுதான் எல்லாம் சொன்னாள். மிஸ் ஸ்வின்னியின் அக்கா மெம்பிஸில் ஒரு பள்ளியில் விடுதி பார்க்கிறார். நான் கையெழுத்துப் போட்டால் செப்டம்பரில் எனக்கு அங்கே இடம். போடாவிட்டால் கிடையாது. "வெள்ளைக்காரங்க சட்டியக் கழுவியே என் முட்டி தேஞ்சு போச்சு. உனக்கும் அதுதான் வேணுமா? ஒரு கையெழுத்துடி கண்ணு. உங்கம்மா ஒரு பாட்டு போனா இன்னொண்ணு கட்டிக்குவா" என்று சொல்லும்போது அத்தையும் அழுதாள். அவளைக் கெட்டவள் என்று நினைக்காதே. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுவிட்டாள், அம்மா.

நாளைக் காலை முதல் மணி அடிப்பதற்குமுன் அந்தக் காகிதத்தோடு நான் மிஸ் ஸ்வின்னியின் அறைக்குப் போக வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தை சமைப்பது பள்ளிக் கண்காணிப்பாளர் வீட்டில். மெம்பிஸ்காரர் அவருக்கு நண்பராம். ஒரு கறுப்புப் பெண் பிள்ளை வெள்ளைக்காரரின் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தாள் என்ற பேச்சு அந்த வீட்டுக்குப் போனால் அத்தையின் வேலை என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெம்பிஸ் பள்ளியில் நாலு பியானோ இருக்கிறதாம். இதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க விரும்பவில்லை. இன்று மாலை கொஞ்சநேரம், போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். மிஸ் ஸ்வின்னி டிசம்பரிலேயே உனக்கு இதைப் பற்றி எழுதினாராம். "உங்கம்மாகிட்டயிருந்து பதிலே வரல. அவங்களுக்கு அது வேணும்னா எழுதியிருக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். அந்தக் கடிதம் உனக்கு வந்ததா? வந்து, படித்து, சும்மா இருந்துவிட்டாயா? அவர் உனக்கு ஏதாவது அனுப்பி, நீ வாங்கிக்கொண்டாயா? அப்படியிருந்தால் அதையும் எழுது. எல்லாரும் பெரியவர்கள், எல்லாரும் என் நல்லதுக்காகத்தான் செய்கிறீர்கள். எனக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை.

நீ என்ன பதில் சொல்வாய் என்று காத்திருக்க எனக்கு நேரம் இல்லை. அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். நாளைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். மிஸ் ஸ்வின்னியிடம் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

போன ஈஸ்டருக்கு நீ எழுதிய கடிதத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். நீ பாடும் கிளப்பில் கிட்டார் வாசிப்பவர் புதுப் பாட்டுக் கட்டினால் அதை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தன் பெயருக்கே தபாலில் அனுப்பிக்கொள்வார், வந்ததும் பிரிக்காமல் பெட்டியில் வைத்துவிடுவார், தபால் முத்திரையின் தேதிதான் அவருக்குச் சாட்சி என்று எழுதியிருந்தாய். சட்டத்தில் அது நிற்குமா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வேறு எதுவும் இல்லை. பாட்டு இருக்கும் உறை பிரிக்காமல் முத்திரையோடு இருக்க வேண்டும் என்பதால் இரண்டு உறைகளாக அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை மட்டும்தான் நீ பிரிக்க வேண்டும். கனமான உறையைப் பிரிக்காதே. அதில் உன் பாட்டு இருக்கிறது, முதல் வரியிலிருந்து கடைசி வரை, அந்த நிற்கும் இடத்தோடு. மேலே "பாட்டும் மெட்டும்: ஓஸி மே பெட்டிஸ்" என்று மையால் எழுதியிருக்கிறேன். கீழே சின்ன எழுத்தில் "கேட்டு எழுதியவள் அவள் மகள்."

வடக்கே போகும் ரயில் காலை ஐந்தே முக்காலுக்கு வரும். அதில் தபால் ஏற்றிவரும் ரயில்பெட்டியின் பக்கவாட்டில் கடிதம் போட ஒரு துளை இருக்கிறது, அங்கே போட்டால் ரயிலிலேயே அன்றைய தேதி முத்திரை குத்துவார்கள். அத்தை எழுவதற்குள் போய்த் திரும்பிவிடுவேன். மெம்பிஸ்காரர் வருவதற்கு ஒருநாள் முன்னதாகவே தேதி விழுந்துவிடும்.

குறட்டை நின்றுவிட்டது. முடித்துவிடுகிறேன்.

கர்த்தர் உன்னை அந்தக் குளிரில் காக்கட்டும். சாப்பிடு. தொண்டையைப் பார்த்துக்கொள். அந்த டிசம்பர் கடிதம் உனக்கு வரவே இல்லை என்று ஒரே வரி எழுது, அம்மா. அப்படி எழுத முடியாது என்றால், ஒன்றும் எழுதாமல் அந்தக் கனமான உறையை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. நான் வைத்துக்கொள்கிறேன். நானும் பிரிக்க மாட்டேன்.

உன் பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த உன் மகள்,
லவோனியா