ஊஞ்சல் இருந்த இடத்துப் புல்

எங்கள் மேனேஜருக்கு,

இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன், நீங்க என்கிறாய், நானும் நல்லா இருக்கேன் என்கிறேன், அதற்குப் பிறகு நம் இருவருக்கும் நடுவில் ஓர் அமைதி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது, சரி வைக்கட்டுமா என்று நீ கேட்பதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிடுகிறது. அதனால்தான் கடிதம். காகிதத்தில் பாதியில் யாரும் வைக்கட்டுமா என்று கேட்க முடியாது. மேனேஜர் என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே, அது அப்பா வைத்த பெயர், அவரோடு அந்தப் பெயரும் போய்விட வேண்டாமே என்று நான் எடுத்து வைத்துக்கொண்டேன். போன வாரம் பேசும்போது இருமினாய், வெறும் தொண்டைக் கமறல் என்றாய். கமறல் அவ்வளவு ஆழத்திலிருந்து வராது. டாக்டரைப் பார். வேலை முடிந்து வந்ததும் சாப்பிடாமல் அப்படியே சாய்ந்துவிடுகிற பழக்கத்தையும் விடு, அது அப்பாவிடமிருந்து வந்தது, அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எவ்வளவோ நல்ல விஷயம் இருந்தது.

நீ சொன்னபடியே தோட்டத்துக்கு ஆள் வைத்துவிட்டேன். அப்பா போன பிறகு நான் பின்கதவைத் திறப்பதே துணி காயப்போட மட்டும்தான், அதற்குள் செடியெல்லாம் அவரவர் இஷ்டத்துக்கு வளர்ந்துவிட்டது. வீட்டு புரோக்கர் வந்து கேட்டைத் தள்ளினார், அது பாதி திறந்து கொடியில் சிக்கிக்கொண்டது. என்னம்மா, வீடு விக்கணும்னு சொன்னீங்க, இங்க காடுதான் இருக்கு, வீடு எங்க என்றார். வாங்க வர்றவங்க வாசல்லயே மனசுக்குள்ள முடிவு பண்ணிடுவாங்க, உள்ள வந்து குழாயத் திறந்து பாக்கறதெல்லாம் சும்மா, முதல்ல இத ஒழுங்கு பண்ணுங்க என்றார். உன்னிடம் சொன்னேன், நீயும் எல்லாத்தையும் சரி பண்ணிடுங்க என்றாய். நல்ல ஆளாகக் கிடைப்பதுதான் பெரும்பாடு. முதலில் வந்தவர் கம்பெனிக்காரர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, செடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையில் நம் தோட்டத்தைப் படமாக வரைந்து நடுவில் ஒரு நீரூற்றும் இரண்டு கல் வாத்தும் வைத்துக் காட்டினார். வாத்து வேண்டாம் என்றேன். அப்ப கொக்கு வெச்சுக்கலாமா மேடம் என்றார். அடுத்தவர் போனில் மட்டும் இருந்தார், எப்போது கூப்பிட்டாலும் தெருமுனையில்தான் நின்றார், நம் தெருமுனைக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியில் கிடைத்தது ஒரு புருஷன் பெண்டாட்டி. சொந்த வண்டி, சொந்த மிஷின், பேச்செல்லாம் அந்த அம்மா, வேலையெல்லாம் அவர். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவள், என்னை அக்கா என்கிறாள், காசு கொடுப்பவர் எல்லாரும் அவளுக்கு அக்கா. அவர் வாயே திறப்பதில்லை. இந்த ஊமைக்கோட்டானக் கட்டிக்கிட்டு நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேச வேண்டியிருக்குக்கா, தொண்ட தண்ணி வத்துது, ஒரு டீ போடுங்க என்பாள். அவர் சிரித்துக்கொண்டே கத்தரியைத் தீட்டுவார். முதல் நாள் டீ குடிக்க உள்ளே வந்தவள் அலமாரியில் உன் படத்தைப் பார்த்து, உங்க தங்கச்சியாக்கா, ஜாடையே இல்லையே என்றாள். மகள் என்றேன். நீ பக்கத்தில் இல்லாத தைரியம்தான். அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், ஏன்க்கா, ஸ்கூல் பையக் கழட்டி வெச்சுட்டா பெத்தீங்க என்றாள். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, அப்பா போன பிறகு இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

வேலை சுத்தம். வேலிச்செடியை மார்பளவுக்கு ஒரே மட்டமாக வெட்டினார்கள், கொடியை கேட்டிலிருந்து பிரித்தார்கள், காய்ந்த கிளைகளை வண்டியில் ஏற்றினார்கள், ஹோஸ் பைப் ஓட்டையாயிருந்தது, அதை மாற்றிக் கொடுத்தார்கள். பின்பக்கம் புல்வெட்டும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றது. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் புல், சுவரோரம் ஓர் இடத்தில் மட்டும் மீசை முளைக்கத் தயங்குகிற முகம் மாதிரி நாலே இழை, நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் பள்ளம். இங்க ஏதோ எண்ணெயக் கொட்டி மண்ணக் கெடுத்து வெச்சிருக்காங்கக்கா, ஜெனரேட்டர் இருந்துச்சா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்ப சுண்ணாம்பு, நான் சொல்றேன் பாருங்க, சுண்ணாம்புதான், மண்ணு செத்துப்போச்சு, ஒரு முழம் தோண்டி எடுத்துட்டு வேற மண்ணு போட்டாத்தான் புல்லு பிடிக்கும் என்றாள். புருஷனும் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அது எண்ணெயும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, உன் கால். உன் அம்மா காலமான வருடம் அப்பா அங்கே அந்த இரும்பு ஊஞ்சலை வாங்கிப் போட்டாராம், நீ சின்னவள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஊஞ்சல் ஆடுகிற வயதைத் தாண்டியிருந்தாய், ஆனாலும் நான் வந்த அன்றைக்கு உள்ளே வராமல் அதில்தான் உட்கார்ந்திருந்தாய். ஆடவில்லை. இரண்டு காலாலும் மண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன், புதுப் பாத்திரங்களை எந்தத் தட்டில் அடுக்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை, உன்னிடம் வந்து என்ன பேசுவது என்று எங்கே தெரியும். உனக்கும் எனக்கும் ஓர் அக்கா தங்கைக்கான வயது வித்தியாசம்தான். அம்மா என்றால் உனக்கு இறந்துபோன உன் அம்மா மட்டும்தான், சித்தி என்றால் கதைகளில் வருகிற கொடுமைக்காரி, அக்கா என்றால் அப்பா என்ன ஆவார். பாவம், நீதான் என்ன செய்வாய். அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் இங்க பாருங்க என்றே ஆரம்பித்தாய். இங்க பாருங்க, சோப்பு தீந்துடுச்சு. இங்க பாருங்க, கையெழுத்து போடணும். இங்க பாருங்க, நான் வெளிநாடு போறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தனை வருடமும் நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் பார்த்தேன்.

நீ போன பிறகு ஊஞ்சல் துருப்பிடித்து ஒரு கால் ஒடிந்தது, பழைய இரும்புக்குப் போட்டோம். அதற்கப்புறம்தான் அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் தோட்டச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போக ஆரம்பித்தார். கேட்டால் வாக்கிங் என்பார். நாலு எட்டில் சுவர் வந்துவிடுகிற தோட்டத்தில் என்ன வாக்கிங். ஒரு நாள் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன், அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டு செருப்பால் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார், முளைத்திருந்த புல்லைக் குனிந்து கிள்ளிப் போட்டார். என்னைப் பார்த்ததும் பிடிபட்ட மாதிரி நின்றுவிட்டு, இங்க புல்லு வந்தா வழுக்கும் என்றார். யாருக்கு வழுக்கும் என்று கேட்டேன். செருப்பைத் தட்டி மண்ணை உதறிவிட்டு, அது அவ இடம், அப்படியே இருக்கட்டும் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கும் உன்னைப்போலவே போனில் நல்லா இருக்கேன்தான் வரும்.

இத்தனையையும் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது. நீ எல்லாத்தையும் சரி பண்ணிடுங்க என்றிருந்தாய். தோண்டுங்க என்றேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து அதே ஜன்னலில் நின்றேன். மண் அப்படி இறுகியிருந்தது, மண்வெட்டி பட்டபோது பாறையில் பட்ட சத்தம் வந்தது. யாருக்கா இங்க ரோடு போட்டது என்று அவள் கத்தினாள். தோண்டி, புது மண் கொட்டி, பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்து, மிதித்து, தண்ணீர் விட்டார்கள். எங்கே பள்ளம் இருந்தது என்று எனக்கே தெரியாத அளவுக்குப் பச்சை. காலையும் மாலையும் தண்ணீர் விடச் சொன்னார்கள், விட்டேன்.

போன ஞாயிறு புரோக்கர் ஒரு தம்பதியை அழைத்துவந்தார். நல்ல மனிதர்கள், குறை சொல்ல முடியாது. வாசலில் நின்றதுமே அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது, புரோக்கர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பின்பக்கம் வந்தார்கள். அவர் சுவரிலிருந்து சுவருக்கு எட்டு வைத்து அளந்துவிட்டு மனைவியிடம், இந்தப் புல்லெல்லாம் எடுத்துட்டுக் கல்லு பதிச்சிட்டா ரெண்டு காரும் தாராளமா நிக்கும் என்றார். அந்தப் பெண் புதுப் புல்லின்மேல் நின்றுகொண்டு, ஆமா, பராமரிப்பும் இல்ல என்றாள். விழலுக்கு இறைத்த நீர் என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், கையில் ஹோஸ் பைப்போடு நின்று அதைப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. புரோக்கர் உன் கையெழுத்தைக் கேட்கிறார். நீ என்னிடம் சொன்னதைச் சொன்னேன், பவர் பத்திரம் எழுதி அனுப்பிடறேன், நான் வரணும்னு இல்ல, நீங்களே முடிச்சிடுங்க என்று நீ சொன்னதை. ரொம்ப வசதிம்மா என்று சந்தோஷப்பட்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவின் தோட்டச் செருப்பை எடுத்து மாட்டினேன். எனக்குப் படகு மாதிரி இருக்கிறது. பின்பக்கம் போனேன். எந்த இடம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சமையலறை ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றால் அதுதான். அதற்கப்புறம் தினமும் போகிறேன். நேற்று அந்த அம்மா புல் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வந்தாள். மற்ற இடமெல்லாம் வேர்விட்டிருக்கிறது, அங்கே மட்டும் மஞ்சளடித்துக் கிழிந்து மண் தெரிகிறது. எங்க வேலையில இப்படி ஆனதே இல்லக்கா என்று புருஷனைப் பிடித்து ஒரு பாட்டம் திட்டினாள், அவர் என் காலைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பூனை ஏதாவது வந்து பிராண்டுதாக்கா என்று கேட்டாள். ஆமாம், பூனைதான் என்றேன். எந்த வீட்டுப் பூனை, சொல்லுங்க, நான் போயி ரெண்டு வார்த்த கேட்டுட்டு வரேன் என்றாள். இந்த வீட்டுப் பூனைதான் என்றேன். புதுப் புல் போட்டுத் தருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

விற்க வேண்டாம் என்று நான் எழுதவில்லை, கண்ணு. வீடு உன் அப்பாவுடையது, உன்னுடையது, எனக்கு நூலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறேன், ஜன்னல் இருக்கிறது, போதும். ஆனால் அப்பா இருந்தவரை அப்பா வழியாக நீ எனக்கு உறவு. அவர் போன பிறகு இந்த வீடு வழியாக உறவு, குழாய் ரிப்பேர், வரி, புரோக்கர் என்று பேச ஏதோ இருந்தது. இதுவும் போய்விட்டால் நீ என்னைக் கூப்பிட என்ன காரணம் இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், சோப்பு தீர்ந்தால்கூட உன் ஊரிலேயே கடை இருக்கிறது. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. பவர் அனுப்பாதே. கையெழுத்தை நீயே வந்து போடு. கல் பதிப்பதற்கு முன்னால் ஒரு தடவை அங்கே வந்து நில். நான் இந்தத் தடவை ஜன்னலில் நிற்க மாட்டேன், வெளியே வருவேன். நீ பேச வேண்டாம், மண்ணைத் தேய்த்துக்கொண்டிரு, நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

போகிற இடமெல்லாம் உனக்கு நிழல் இருக்கட்டும், தொட்டதெல்லாம் துளிர்க்கட்டும், உடம்பில் நோய் அண்டாமல் நீண்ட நாள் இரு. டாக்டரைப் பார்க்க மறந்துவிடாதே, இருமலை அப்படியே விடாதே. வருவதாயிருந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, முன்கதவு பூட்டியிருந்தால் பின்பக்கமாக வா, சாயங்காலமானால் நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்
இங்க பாருங்க