பாலம் தாங்குமா என்று கேட்டான்

நெதர்பெக்,
14 அக்டோபர் 1967

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த ஆஸ்திரேலிய வெயிலில் வாடாமல் இருக்கிறீர்களா? அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, குழந்தையின் படத்தைச் சமையலறையில் மாட்டி வைத்திருக்கிறாள்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வில்ஃப் கேப்ஸ்டிக் இறந்துபோனதை அம்மா எழுதியிருப்பாள். முழுதும் எழுதியிருக்க முடியாது, அவளுக்கே தெரியாது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனுடைய வைக்கோல் கொட்டகை தீப்பிடித்துக்கொண்டது. நம் கல்பாலத்தின் மேல் நின்று நான் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. மூன்று டன்னுக்கு மேல் போகக்கூடாது என்ற பலகையைப் பார்த்து டிரைவர் லெஸ்லி நிறுத்தி, “மிஸ்டர் ரெய்ஸ்ட்ரிக், உங்களுக்குத்தான் தெரியும், தாங்குமா?” என்று கத்தினான். இந்தப் பாலத்தை இடித்துக் கான்கிரீட்டில் கட்டக்கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவன் நான், நானூறு வருஷம் நின்றது இன்னும் நிற்கும் என்று கூட்டத்தில் பேசியவன். அந்த வாய்தான், “வேணாம்ப்பா, சுத்திப் போயிடு” என்றது. சுற்றுவழி பதினான்கு மைல். அதற்குள் வில்ஃப் கன்றுகளை அவிழ்க்க மூன்றாவது தடவை உள்ளே போனான், கூரை இறங்கிவிட்டது.

வண்டியில் இருந்த ஆறு பேருக்காகப் பயந்தேனா, பாலத்துக்காகப் பயந்தேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன் மகளே, பிடிபடவில்லை. பிறகு வந்து சோதித்த இன்ஜினியர், அந்த வண்டிக்கு ஒரு கல்கூட அசைந்திருக்காது என்றார்.

லெஸ்லி என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. மதுக்கடையில் அவன் நுழைந்தால் எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள், நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வில்ஃபின் மனைவி எட்னா நேற்று வீட்டுக்கே வந்து, “அந்தக் கோழைப்பய திரும்பிப் போகலேன்னா எம்புருஷன் இருந்திருப்பாரு. நீங்கதானே, கிளிஃபர்ட், பாலத்துல நின்னீங்க, விசாரணையில எனக்காக அதைச் சொல்லுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சரி என்று தலையாட்டினேன்.

விசாரணை வியாழக்கிழமை. அதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். நீ வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே, குழந்தைக்குப் பாலைக் காய்ச்சியே கொடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் இருக்க வேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. இது உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை தாண்டியிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை என்று தெரிந்தால், இந்தக் கடிதத்தை அப்படியே எட்னாவுக்கு அனுப்பிவிடு.

உன் அப்பா,
கிளிஃபர்ட் ரெய்ஸ்ட்ரிக்