ஒழுகுவதற்காக ஒரு துளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே நானும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். இருந்தாலும் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? சைட்டில் ஜெனரேட்டர் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறீர்கள் என்று உங்கள் கம்பெனி ஆள் ஒருவர் சொன்னார். அந்த இரைச்சலில் மனுஷனுக்கு எப்படிக் கண் மூடும்?

பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கணக்கில் கெட்டி. எழுத்துதான் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. அதில் உங்களை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். எனக்கு முழங்கால் தகராறு செய்கிறது. தரையில் உட்கார்ந்து செய்யும் குழாய் வேலைகளைக் குறைத்துக்கொண்டேன்.

இப்போது எழுத வந்த விஷயம். உங்கள் பைக்கைப் பிரித்துப் பார்த்தோம்.

விபத்துக்குப் பிறகு போலீஸ் நிலையத்திலிருந்து வந்த நாள் முதல் அது வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள்தான் கிடந்தது. பேத்தி அந்தப் பக்கமே போவதில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்துத் தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவருக்குப் பொறுமை என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பார். ஸ்பேனரைத் தேடுவதற்கே அரை நாள் எடுத்துக்கொள்வார். அவர் எஞ்சினைச் சுற்றப் பார்த்தார், அசையவில்லை. எஞ்சின் பக்கவாட்டில் ஆயில் அளவு பார்க்க இருக்கும் சின்னக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் ஊற்றிய காபி மாதிரி இருந்தது. "இது ஓட்டினவர் தூங்கி விழுந்த வண்டி இல்லீங்க. ஆயில்ல கூலன்ட் தண்ணி கலந்து எஞ்சின் இறுகிப் பிடிச்சிருக்கு. ஓடுறப்பவே பின்சக்கரம் பூட்டியிருக்கும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள், "சக்கரம் பூட்டிக்கிச்சு மாமா" என்று. பொய் சொல்லாதே என்று உங்கள் முகத்துக்கு நேராகக் கத்தியவன் நான்.

இரும்புக்குப் போகிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று அவர் தயங்கினார். எவ்வளவு நேரமானாலும் சரி, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்று பாருங்கள் என்றேன். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் கொடுத்தார். பம்பின் அளவு முள் மெல்ல இறங்கியது. வெளியே ஒரு சொட்டு இல்லை. அப்படியானால் உள்ளேதான் போகிறது. ஹெட் கேஸ்கெட்டாக இருக்கும் என்று நான் சொன்னேன், நீங்கள் பேசக் கேட்டு எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். அவர் ஹெட்டைக் கழற்றிக் காட்டினார். கேஸ்கெட் முழுசாக இருந்தது. சிலிண்டருக்குள் ஈரமே இல்லை. கடைசியில் வாட்டர் பம்பைப் பிரித்தார்.

உங்களுக்குத் தெரியாததில்லை, என் மனசு ஆற எழுதுகிறேன். பம்பின் தண்டில் இரண்டு சீல். ஒன்று தண்ணீரைத் தடுக்கிறது, இன்னொன்று ஆயிலைத் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கீழ்ப்பக்கமாக ஒரு சின்னத் துளை. தண்ணீர் சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகத் தரையில் சொட்டும், வண்டிக்காரர் உஷாராகிவிடுவார். "ஒழுகணும்னே வச்ச ஓட்டைங்க இது" என்றார். காலமெல்லாம் ஒழுகலை நிறுத்தியே சோறு தின்றவன் நான். ஒழுகுவதற்காக ஒரு துளை வைப்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தத் துளை அடைபட்டிருந்தது. நாங்கள் குழாய்க்குப் பிசைந்து ஒட்டுகிற அதே பசை. ஈர விரலால் நீவி, காய்ந்ததா என்று பார்க்க நகத்தால் ஒரு கீறல், அதன் குறுக்கே இன்னொரு கீறல். என்னோடு குழாய் வேலை பழகிய என் மகளைத் தவிர வேறு யாரும் அப்படிக் கீற மாட்டார்கள். உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயின் அடியில் இன்றும் அந்தப் பெருக்கல் குறி இருக்கிறது.

நீங்கள் சைட்டில் இருந்தபோது வண்டியை ஓட்டியவள் அவள்தானே. வாசல் தரையில் பச்சைப் பச்சையாகக் கறை விழுகிறது, துடைத்து மாளவில்லை என்று என்னிடம் ஒருநாள் புலம்பினாள். ஒழுகுகிற இடத்தைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காது. அடைத்துவிட்டாள். தரை சுத்தமானது, தண்ணீர் உள்பக்கம் திரும்பிவிட்டது. நீங்கள் லீவில் வந்த மறுநாள் காலையில், இது எதுவும் தெரியாமல் இரண்டு பேரும் கிளம்பினீர்கள்.

நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். மெக்கானிக் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கையைத் துடைத்தபடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனோ என்னவோ. அவர் இன்னொன்றும் காட்டினார். விபத்தில் அப்பிய மண் எஞ்சினுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. ஆயில் வடிக்கிற போல்ட்டைச் சுற்றி மட்டும் மண் இல்லை. அங்கிருந்து அந்தக் காபி நிற ஆயில், காய்ந்த மண்ணின் மேலேயே கோடாக வழிந்திருந்தது. பசையின் ஓரத்தையும் யாரோ கத்திமுனையால் நெம்பிப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டிருந்தார்கள். "விழுந்ததுக்கு அப்புறம் யாரோ பாத்திருக்காங்க. வேலை தெரிஞ்ச கை" என்றார்.

எங்கள் வீட்டில் எஞ்சின் வேலை தெரிந்த கை வேறு யாருடையது? வண்டி வந்த அன்று, கட்டுப் போட்ட கையோடு நீங்கள் பின்பக்கம் போனீர்கள். வெகுநேரம் வரவில்லை. பெண்டாட்டி போய்விட்டாள், இவன் வண்டியைத் தடவிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்தீர்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "சக்கரம் பூட்டலை மாமா. நான்தான் கண் அசந்துட்டேன்" என்றீர்கள். அதைக் கேட்டு நான் என்ன சொன்னேன் என்பதைத் திரும்ப எழுத என் கை கூசுகிறது. நீங்கள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டீர்கள். அன்றைக்குப் போனவர்தான்.

என் மகளின் கைவேலை என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டீர்கள். மாப்பிள்ளை, உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்கூட வருகிறது. என் பெண்ணை என்னிடமிருந்தா காப்பாற்ற வேண்டும்? அவள் மேல் எனக்கு ஒரு குறை வந்துவிடுமா? சொட்டுகிற இடத்தை யார்தான் அடைக்க மாட்டார்கள்? அவள் கூப்பிட்டிருந்தால் நானே வந்து அடைத்திருப்பேன், அவளைவிடக் கெட்டியாக.

இப்போது பேத்தி விஷயம். பள்ளிக்கூடத்துக்கு என் ஸ்கூட்டரில்தான் வருகிறாள். பின்னால் உட்கார்ந்ததிலிருந்து முதுகைத் தட்டிக்கொண்டே இருப்பாள். "தாத்தா, முழிச்சிருக்கீங்களா?" என்பாள். முழித்திருக்கிறேன் என்பேன். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் தட்டுவாள். விளையாடுகிறாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். குழந்தையின் முகத்தில் விளையாட்டு இல்லை.

உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். நீங்கள் அவளுடைய அம்மாவின் பெயரைக் காப்பாற்றினீர்கள். ஆனால் அவளிடமிருந்து அப்பாவைப் பிடுங்கிவிட்டீர்கள். அதற்கு நானும் இத்தனை நாள் துணை நின்றிருக்கிறேன். இனி என்னால் முடியாது.

லீவு கிடைக்காவிட்டால் வேலை போனாலும் பரவாயில்லை, கிளம்பி வாருங்கள். என் வீட்டில் நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அப்பா தூங்கலைம்மா" என்று மட்டும் உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் தாத்தா சமாதானம் செய்கிறார் என்று நினைப்பாள். அப்புறம் ஏன் விழுந்தீர்கள் என்று கட்டாயம் கேட்பாள். அதற்கு நீங்கள் வாய் திறக்க வேண்டாம். அதை நான் சொல்கிறேன். அவள் அம்மாவைப் பெற்றவன் நான்.

நூறு வயசு இருக்க வேண்டும் நீங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா