வீட்டில் யாரும் தங்குவதில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். வீடும் நலம்தான், சமையலறைக் குழாயைத் தவிர. அதற்கு வாஷர் மாற்றி, ரசீதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியாகிவிட்டது. சின்னவளுக்குப் பல்லில் கம்பி கட்டியிருப்பதாகச் சொன்னாய். முதல் வாரம் கத்துவாள், அப்புறம் பழகிவிடும். எங்கள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு நான் எல்லாருக்கும் சொல்வது அதைத்தான்.

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடும் உன் வீடு போன மாதம் நன்றாக ஓடியது. வெயில் ஏற ஏறக் கடற்கரைக்கு ஆள் வருகிறது. நான்கு பேர் என்று பதிவு செய்துவிட்டு ஒரு கல்யாணக் கூட்டமே வந்து இறங்கியது. கேட்டதற்கு, "இவங்கல்லாம் சும்மா பாத்துட்டுப் போயிடுவாங்கம்மா" என்றார் குடும்பத் தலைவர். பார்த்துவிட்டு மறுநாள் மதியம்தான் போனார்கள். ஹாலில் இருந்த பிரம்பு நாற்காலிக்கு ஒரு கால் போயிற்று. சுவரோடு சாய்த்துப் போட்டிருக்கிறேன், பார்த்தால் தெரியாது.

இனி நீ கேட்ட தாள் விஷயம். நீ இருக்கும் நாட்டுக்கு இது வெளிநாட்டு வீடு, இதை வாடகைக்கு விட்டு வரும் வருமானத்தையும் அங்கே காட்டி வரி கட்ட வேண்டும் என்றாய். நியாயம்தான். உறவுக்காரர்கள் வாடகை இல்லாமல் தங்கினால் மட்டும், அந்த நாட்களின் பராமரிப்புச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க விடமாட்டார்கள் என்றாய். அதற்காக, "இந்த வீட்டில் உரிமையாளரின் உறவினர் எவரும் தங்குவதில்லை" என்று டைப் செய்து, கீழே என் கையெழுத்துக்கு இடமும் விட்டு அனுப்பியிருக்கிறாய். போனில், "சும்மா ஒரு கையெழுத்துதானேக்கா, போட்டு அனுப்பிடேன்" என்றாய்.

அதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். இரண்டு நாள் அதை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன வருஷம் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு நான் இங்கே வந்தபோது, "எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கா, யார் கேக்கப் போறா" என்றவன் நீ. அந்த நன்றி எனக்கு உண்டு. யாரும் வராத நாட்களில் கீழே இருக்கிறேன். ஆள் வந்தால் தலையணை, பல் துலக்கும் பிரஷ், செருப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறேன். வருகிறவர்களுக்கு நான் சாவி கொடுக்கிற அம்மா, அவ்வளவுதான். ஒரு தடவை குளியலறையில் என் சீப்பு தங்கிப்போய், "இங்கே யாரோ குடியிருக்கிறார்கள் போலிருக்கிறது" என்று ஒருவர் இணையத்தில் எழுதி நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார். "ஆள் இருந்த அடையாளமே தெரியக் கூடாதுக்கா" என்று நீ போன் செய்தாய். அதிலிருந்து கண்ணாடியில் ஒட்டிய பொட்டைக்கூடச் சுரண்டி எடுத்துவிடுகிறேன். அதெல்லாம் தொழில், எனக்குப் புரிகிறது. வருத்தமில்லை. ஆனால் விருந்தாளிக்குத் தெரியாமல் இருப்பது வேறு, நானே இல்லை என்று கையெழுத்துப் போடுவது வேறு.

சனிக்கிழமை நம் ஆடிட்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் மேசை நிறைய ஃபைல், நடுவில் ஒரு டிபன் டப்பா. இங்கே கட்டிய வரியைக் காட்டினால் அங்கே கழித்துக்கொள்வார்கள், ஒரே பணத்துக்கு இரண்டு தடவை கட்ட வேண்டியிருக்காது என்றார். அந்தக் கவலையை விடு. உறவுக்காரரே வாடகை கொடுத்துத் தங்கினால் என்ன என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஊர்ல மத்தவங்க கொடுக்குறதையே கொடுத்தா அதுவும் வாடகைதாம்மா. அக்காவா இருந்தா என்ன, அடுத்த வீட்டுக்காரரா இருந்தா என்ன" என்றார். அங்கேயும் அப்படித்தானா என்று உன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வருகிற மாதத்திலிருந்து மேல் அறை எனக்கு. இந்தத் தெருவில் அப்படி ஓர் அறைக்கு என்ன வாடகையோ அது உன் கணக்குக்கு வந்துவிடும். விசாரித்துவிட்டேன், என் சம்பளத்துக்குள் அடங்கும். கீழே சுத்தம் செய்ய மட்டும் வருவேன். போன வருஷம் வந்ததிலிருந்து இந்த மாதம் வரைக்கும் என் அக்கா வாடகையில்லாமல் தங்கினாள் என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிடு. அதனால் ஏறுகிற வரியைச் சொல், மெல்ல மெல்ல அடைத்துவிடுகிறேன். "உன்கிட்ட போய் வாங்குவேனாக்கா" என்று நீ பதறுவாய் என்று தெரியும். பதற வேண்டாம். உனக்கும் பிள்ளைகள் படிப்பு, வீட்டுக்கடன் என்று கழுத்துவரை இருக்கிறது. நீ கெட்டவன் இல்லை. அவசரத்தில் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீ அனுப்பிய தாளை இதோடு வைக்கவில்லை. வாடகை ஒப்பந்தம் வைத்திருக்கிறேன், நான் கையெழுத்துப் போட்டாயிற்று. நீயும் போட்டு அனுப்பு. விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்து வருவதாக இருந்தால் முன்னாடியே சொல், அந்த வாரம் யாருக்கும் வீட்டைக் கொடுக்காமல் வைக்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதுவரைக்கும் அக்கா என்று எழுது, இனிமேல் வாடகைக்காரி என்று எழுது, எதுவானாலும் எனக்குச் சம்மதம். யாரும் இல்லை என்று மட்டும் எழுதாதே தம்பி. இருபத்திரண்டு வருஷம் ஒரு வீட்டில் இருந்துகொண்டே இல்லாதவளாக இருந்துவிட்டுத்தான் உன் வீட்டுக்கு வந்தேன்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அக்கா