முதல் தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, மகளின் ஸ்தோத்திரம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

கிறிஸ்துமஸ் அன்று எனக்கு லேசான காய்ச்சல். பயப்படாதீர்கள், போய்விட்டது. ஓட்டல் சலவை வேலைக்குப் போகாமல் அறையில் படுத்திருந்தேன். பக்கத்து அறைத் தையல்கார அக்கா கேக் தட்டோடு வந்தார்.

"மொதல்ல உனக்குத்தான். இனிமேதான் நாங்க சாப்பிடணும்."

நம் வீட்டிலும் பண்டிகைக்கு முதல் தட்டு அக்கம்பக்கத்துக்குத்தானே போகும்? அது என்னைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை. தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று, இருந்த நாலு வெங்காயத்தை வைத்துக் கொடுத்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கொடுத்துவிட்டுப் போக வந்தவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். வேலைக்கு நேரமாகிறது. புத்தாண்டுக்கு மாடிவீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்குக் கேக் கொண்டுபோகும் தம்பியை, தட்டை நீட்டிவிட்டு ஓடிவராமல் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

உங்கள் பெரியவள்