பலகையின் மறுபக்கம்

மார்கழி, வெள்ளி இரவு

போன வருடம் கடல் கொண்டுபோன தன் மகளை, மரத்தைச் சுட்டுக் கோடிழுக்கும் சூட்டு ஊசியால் பலகையில் கீறித் தரச்சொல்லி அடுத்த தெரு ஆமினா ராத்தா கேட்டிருந்தார். வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. "முகம் கீறாதீங்க தம்பி, மார்க்கத்தில கூடாது. பின்னால நிண்டு பாக்கிற மாதிரி பின்னல் மட்டும் போதும்" என்றார். படமில்லாமல் முகம் கீற வேண்டாமே, எனக்கும் அது நிம்மதி.

ஊசி நுனியால் ஒவ்வொரு மயிராகச் சுட்டேன். பின்னலின் மடிப்புகளில் மட்டும், ஊசியைச் சற்று ஆறவிட்டுச் சாய்த்துத் தடவினேன். இளம்பழுப்பு நிழல் நன்றாகவே விழுந்தது.

இன்று ராத்தா வந்து பின்னலை விரலால் நீவினார். "ஓம் தம்பி, அவள்ட முடிதான்."

பிறகு பலகையைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். வெறும் மரம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூடாது என்று சொன்னவர் அவர்தானே. பிறகு எதற்கு அங்கே தேடினார்?